ஜவளகிரி மடுவில் உடைந்த ஊறுகாய் பாட்டில்

வெள்ளி, நவ. 7

காலையிலிருந்து தூறல். ஜெனரல் ஷிப்ட். தரச் சோதனையில் மூன்று லாட் ரிஜெக்ட் செய்தேன், வழக்கமான சண்டை.

வீட்டுக்கு வந்தால் ரேவதி குண்டைப் போட்டாள். ஞாயிறு ஜவளகிரி காட்டு மடுவுக்குப் போகிறோமாம். போன் போட்டுப் பேர் கொடுத்துவிட்டாள்.

"போன வருஷம் ஃபேக்டரி ஆளுங்களோட நீங்க மட்டும் தண்ணியில ஆடிட்டு வந்தீங்க இல்ல? எங்களையும் கூட்டிட்டுப் போங்க."

தாரணி இப்போதே துண்டோடு திரிகிறாள். எட்டு வயது.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அந்த மடுவில் கண்ணாடிச் சில்லு கிடக்கிறது. போட்டவன் நான்.

சனி, நவ. 8

மழை இல்லை. அரை நாள் வேலை.

மடுக்களைப் பார்த்துக்கொள்வது அங்குள்ள இருளர் பெண்கள் குழு. சோப்பு, பிளாஸ்டிக், கண்ணாடி எதுவும் கூடாது. போன வருஷம் நான் ரேவதி போட்ட மாங்காய் ஊறுகாயை பாட்டிலோடு துண்டில் சுற்றி ஒளித்துக்கொண்டு போனேன். ஊறுகாய் இல்லாமல் என்ன தயிர்சாதம்? சாப்பிட்டபின் சின்ன மடுவில், குழந்தைகள் குளிக்கிற மடு, பாட்டிலைக் கழுவும்போது கை வழுக்கியது. பாறையில் பட்டுச் சுக்குநூறு. யாரும் பார்க்கவில்லை. கைக்கு எட்டிய மூன்று துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் பஸ் ஏறினேன். நாள் முழுக்க அடுத்தவன் குறையைச் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவன்!

பாட்டில் எங்கே என்று ரேவதி கேட்டதற்கு, குரங்கு பிடுங்கிவிட்டது என்றேன். அவளுக்கு ஒரே பெருமை. எதிர்வீட்டு ஷமீம் அக்காவிடம்கூட: "குரங்குக்கே என் ஊறுகா கேக்குதுங்க்கா!"

அந்த மூன்று துண்டுகளும் துணியில் சுற்றி இத்தனை நாள் ஃபேக்டரி லாக்கரில். இன்று எடுத்து வந்தேன். எதற்கென்று தெரியவில்லை.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? நாங்கள் போகாவிட்டாலும் வேறு குழந்தை இறங்கும்.

எடுத்துவைக்க: குளிக்கிற துண்டு 3, மாற்றுத்துணி, எவர்சில்வர் டப்பா 4. ஊறுகாயும் டப்பாவில்தான்.

ஞாயிறு, நவ. 9

நல்ல வெயில். தளி வழியாக பஸ், பிறகு நடை.

வாசலில் குழுத் தலைவி மாதி. ஐம்பது வயதிருக்கும். பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் தாரணி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். அந்த வெறுங்காலைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

"தாரணி, நில்லு!" என்று கத்தினேன். பிறகு மாதியிடம்: "சின்ன மடுவுல கண்ணாடி கெடக்குதுங்க. போன வருஷம் நான்தான் ஒடைச்சேன். சொல்லாம போயிட்டேன்."

பையிலிருந்த துணியைப் பிரித்து மூன்று துண்டுகளையும் காட்டினேன்.

ரேவதி: "அப்ப கொரங்கு?"

மாதி குடிசைக்குள் போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். என் பாட்டில்தான். தேன்மெழுகால் ஒட்டியது. பக்கவாட்டில் ஓர் ஓட்டை.

தினமும் சாயங்காலம் குழுவில் ஒருவர் மடு முழுக்க வெறுங்காலால் துழாவி நடப்பது அவர்கள் வழக்கமாம். நான் உடைத்த அன்றைக்கு மாதியின் காலில் கண்ணாடி கீறியிருக்கிறது. எல்லாவற்றையும் பொறுக்கி, ஒட்டிப் பார்த்தால் மூன்று துண்டு குறைகிறது. அன்றிலிருந்து சின்ன மடுவுக்குக் குறுக்கே முள் வெட்டிப் போட்டு, யாரையும் இறங்க விடுவதில்லை.

"கோடையில தண்ணி வத்தினப்பகூட சலிச்சுப் பாத்தோம். கெடைக்கவே இல்ல. உங்ககிட்டயா இருந்துச்சு?"

திட்டியிருந்தால்கூட தேவலை. மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பொருந்தின. ஓட்டை மூடிவிட்டது. விட்ட மூச்சு அவருடையதா என்னுடையதா தெரியவில்லை. என் கண்ணில் நீர். மறைக்கவில்லை.

முள்ளை என்னையே எடுக்கச் சொன்னார். "மொதல்ல நீங்க நடங்க. நிதானமா."

ஜில்லென்ற நீரில், பாசிக்கல்மேல், மூலை முடுக்கெல்லாம் துழாவினேன். கரையேறி இரண்டு உள்ளங்காலையும் மாதியிடம் காட்டினேன். அவர் தலையசைத்ததுதான் தாமதம், தாரணி தொபுக்கென்று குதித்தாள்.

மதியம் மாதி ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தார். "அன்னைக்குத் தண்ணியே மணந்துச்சுங்க."

ரேவதி அவரிடம் மட்டும் சிரித்தாள். பஸ்ஸில் எனக்கும் அவளுக்கும் நடுவில் தாரணியை உட்காரவைத்துக்கொண்டாள்.

திங்கள், நவ. 10

மறுபடி தூறல். நல்ல தூக்கம், ரொம்ப நாளைக்குப் பிறகு. வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். ஷமீம் அக்கா எதிர்வீட்டிலிருந்து ரேவதியிடம் கேட்டார்: "காட்டுக்குப் போனீங்களே, அந்தக் கொரங்கப் பாத்தியா?"

ரேவதி: "பாத்தேங்க்கா. தோ, வேலைக்குக் கெளம்பிட்டு இருக்குது."