வலி நின்ற காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் தங்கை எழுந்து உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கைச் சிறுமியிடம் வண்ணப் பென்சிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நீ பதறாமல் படிக்கலாம்.

உன் அம்மா போனில் சொன்னது எனக்குத் தெரியும். குடல்வாலில் கோளாறு, ஆபரேஷன் ஆயிற்று, பயமில்லை, நீ பரீட்சையை முடித்துவிட்டு வா. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நான் செய்தது அதில் இல்லை. என்னைக் காப்பாற்ற விட்டுவிட்டாளா, வாயால் சொல்லப் பிடிக்காமல் விட்டுவிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தொப்புளைச் சுற்றி வலி என்றாள், ஒரு தடவை வாந்தி எடுத்தாள். அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. வயிற்றுவலி வராத பரீட்சை அவளுக்கு ஏது? அவள் செய்யாத சேட்டையா என்று சொல்லித்தானே அந்தப் பட்டப்பெயரை நாமே வைத்தோம். ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை குனிந்தபடி நடந்தாள். வலி வலப்பக்கம் கீழே இறங்கிவிட்டது என்றாள். இன்னொரு மாத்திரை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். இருபது வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறவன் வீட்டில் ஒரு வயிற்றுவலிக்கு ஆஸ்பத்திரியா என்று சிரித்தேன்.

அன்று மாலைதான் நீ கூப்பிட்டாய். உன் அறைத்தோழிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, ஸ்கேன் எடுங்கள் என்றாய். வலப்பக்கம் அழுத்திக் கையை எடுக்கும்போது வலிக்கிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டாய். பார்த்தேன், ஒன்றும் இல்லை என்றேன். நான் பார்க்கவே இல்லை. அப்போது கடையில் இரண்டு பேர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்றே, "நீ படிக்கிறது கட்டடம் கட்ட, வைத்தியம் பாக்க இல்ல. வை போனை" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய் அவளுக்கு மூன்றாவது மாத்திரையைக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை வலி நின்றுவிட்டது. இரண்டு நாளாக மடக்கி வைத்திருந்த காலை நீட்டி, போயிடுச்சுப்பா என்றாள். உன் அம்மாவை நான் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு குன்றுகிறது. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். குடல்வால் வெடிக்கும்போது உள்ளே இறுக்கம் விட்டுப்போய்க் கொஞ்ச நேரம் வலி அடங்கும் என்று பிறகு தெரிந்தது. நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வயிற்றுக்குள் சீழ் பரவிக்கொண்டிருந்தது.

மதியம் அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு வாடகை வண்டியில் கடை வாசலுக்கே வந்துவிட்டாள். குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. வயிறு பலகை மாதிரி இருந்தது, சட்டை உரசினாலே முனகினாள். அம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை. "வர்றீங்களா, இல்ல நாங்க போகட்டுமா?" என்றாள். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்கிற மருத்துவர் ஒரு பெண். என்னைவிட இளையவர், அதிர்ந்து பேசாதவர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, வெடித்திருக்கிறது, உடனே ஆபரேஷனுக்குப் போக முடியாது என்றார். நரம்பு வழியாக நீரும் கிருமியைக் கொல்லும் மருந்தும் ஏற்றி, மயக்க மருந்தைத் தாங்கும் அளவுக்கு உடம்பைத் தேற்ற வேண்டுமாம். பிறகு, வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். படிவத்தில் என் தொழில் எழுதியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் வாய் திறப்பதற்குள், படுக்கையில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எங்கப்பா மாத்திரை குடுத்தாங்க டாக்டர். அதுலதான் வலி போச்சு. எங்கப்பாவுக்கு எல்லா மருந்தும் தெரியும்."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, கண்ணு. அந்த நிலையிலும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். மருத்துவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேனா மூடியைக் கழற்றி, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். மூன்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் இரண்டு மணி நேரம். சின்னதாக மூன்று துளை போட்டு, கேமராவில் பார்த்தபடியே வெடித்ததை எடுத்து, சீழைக் கழுவினார்கள். வெளியே வந்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றோரம் ஒரு குழாய். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு குழாய். வராந்தாவில் காத்திருந்த நேரம் முழுக்க அம்மா பேசியது ஒரே ஒரு வாக்கியம். "இனிமே உங்களைக் கேக்க மாட்டேன். நானே கூட்டிட்டுப் போயிடுவேன்." அதில் கோபம் இல்லை, முடிவு மட்டும் இருந்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் திரும்பியது. உள்ளே எலுமிச்சை அளவுக்குச் சீழ் கட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மருந்தை மாற்றினார்கள். இதற்கும் மசியாவிட்டால் இன்னொரு குழாய் போட வேண்டியிருக்கும் என்றார்கள். இரண்டு நாள் நானும் அம்மாவும் காய்ச்சல் அளவையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் இறங்கியது. நர்ஸ் அவள் கையைப் பிடித்து வார்டைச் சுற்றி நடத்தினார். வாலை எடுத்துட்டோமே, இனிமே உனக்கு என்ன பேர் என்று மருத்துவர் கேட்டதற்கு, ஒண்ணுதானே எடுத்தீங்க என்றாள். வார்டே சிரித்தது. சிரித்தால் வயிறு இழுக்கிறது என்று அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முந்தாநாள் ஒரு மணி நேரம் கடையைத் திறந்தேன். நம் தெருத் தையல்கார அம்மா, குழந்தைக்கு வயிற்றுவலி, ஏதாவது கொடுங்கள் என்று வந்தார். மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன். எப்போதும் நீங்கள்தானே கொடுப்பீர்கள் என்றார். எத்தனை குழந்தைகளுக்குக் கொடுத்திருப்பேன் என்று அங்கேயே நின்று யோசித்தேன். எண்ணி முடிக்க முடியவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு அவர்களோடு கூடவே போய், மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்தேன். சாதாரண வலிதானாம்.

நேற்று உன் தங்கையிடம், அப்பாவுக்கு எல்லா மருந்தும் தெரியாது, நான் கொடுத்தது தப்பு, உன்னை அன்றைக்கே இங்கே கூட்டி வந்திருக்க வேண்டும் என்றேன். யோசித்துவிட்டு, "நான் பொய் சொல்றேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு தண்ணீர் கேட்டாள். குடிக்க வைக்கக் குனிந்தேன். தம்ளரை அவளே வாங்கிக்கொண்டாள்.

உன்னிடமும் பொய்தான் சொன்னேன். நாலு பேர் முன்னால் உன் வாயை அடைத்தேன். நீ சொன்னதுதான் சரி. மன்னித்துவிடு என்று எழுதினால் உடனே மன்னித்துவிடுவாய், உன் சுபாவம் அப்படி. அதனால் கேட்கவில்லை.

பரீட்சையை நன்றாக எழுது. நேரத்துக்குச் சாப்பிடு. உடம்புக்கு ஒன்றும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்படி என்றைக்காவது எங்கேயாவது வலித்தால், என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காதே, கண்ணு. நேராக மருத்துவரிடம் போய்விடு. போய்விட்டு வந்த பிறகு, மனமிருந்தால், எனக்கும் ஒரு வார்த்தை சொல்.

இப்படிக்கு,
அப்பா