சிட்டு கேட்ட மன்னிப்பு

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சிட்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை இந்த மாதம் அதிகம். எழுதத் தாமதமானதற்கு மன்னித்துவிடு.

நேற்று பாலர் பள்ளி டீச்சர் என்னை நிறுத்தினார். மருந்துக்கடைக்காரர் மகன் சிட்டுவைச் சறுக்கு மரத்திலிருந்து தள்ளிவிடுகிறானாம். விழுந்து எழுந்ததும் இவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாளாம். “நாலு வயசுல இதை யார்கிட்ட சார் கத்துக்கிச்சு?” என்றார். “மன்னிச்சுக்கங்க டீச்சர்” என்றேன்.

உன் தம்பி

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிறவன் நீ. சிட்டுவின் அம்மா உயிரோடு இருந்தவரை பள்ளி வாசலில் நின்று நாலு பேரிடம் பேசினாள். பிள்ளைக்கும் விளையாட ஆள் இருந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறாய். அப்பனிடம் யாரும் பேசாவிட்டால் பிள்ளையோடு யார் சேருவார்கள்?

சிட்டு என்னிடமே வளரட்டும். கோபத்தில் சொல்லவில்லை, நாலு பேரோடு பேசிப் பழகுவது உனக்கு வராது. கட்டில் வாங்கிவிட்டேன். மார்ச் பத்தாம் தேதி வந்து அழைத்துப் போகிறேன். துணிமணியை எடுத்து வை.

உன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும் துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டுத்தான், பள்ளி வாசலில் மருந்துக்கடைக்காரரிடம் பேசப் போனேன். சிட்டு என் கையைப் பிடித்திருந்தாள்.

“சின்னப் பசங்க விளையாட்டு சார். இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே” என்றார்.

“மன்னிச்சுக்கங்க” என்று வாயில் வந்துவிட்டது. சிட்டுவும் உடனே, “மன்னிச்சுக்கங்க” என்றாள்.

அவர் கிளம்பிவிட்டார். பின்னாலேயே போனேன். “சார், நான் கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கறேன்.”

“எங்க கடையில வித்ததைத் திரும்ப எடுக்கறதில்லையே” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. “உங்க பையன் இவளைத் தள்ளறான். இனிமே தள்ளக்கூடாது. நீங்க சொல்லுங்க. இல்லேன்னா தினமும் வந்து கேப்பேன்.” அவர் மகனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் ஒத்துக்கொண்டான்.

முழுதாக நிறுத்திவிடவில்லை. போன வாரம் மறுபடி தள்ளியிருக்கிறான். சிட்டு, “தள்ளாதடா” என்று கத்தி அவன் முடியையும் பிடித்து இழுத்திருக்கிறாள். டீச்சர் கூப்பிட்டார், அதற்கும் போய் வந்தேன். இப்போது வாசலில் மருந்துக்கடைக்காரரும் நானும் வெயிலைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கு அது இன்னும் சுலபமாக வரவில்லை.

பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்துவிட்டேன். பத்தாம் தேதி வராதே அக்கா. சிட்டு இங்கேதான் இருப்பாள். உனக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன் தம்பி