இருபதில் ஒரு மேடு

ஜனவரி 9, 1988, சனி. டுலூத்.

ஏரிக்காற்று மூக்கை அறுக்கிறது. பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சிக்காகக் கல்லூரியின் இயற்பியல் நிலவறையில் எனக்கும் என் தோழி மார்கிட்டுக்கும் இது மூன்றாவது சனிக்கிழமை. ஆர்கான் வாயுவை அயனிகளாக்கி ஐந்நூறு வோல்ட்டில் இழுத்துவிடுகிறோம். மின்புலம் ஒரு பக்கமும் காந்தப்புலம் மறுபக்கமும் தள்ளும் இடைவெளியில் ஒரு நிறை மட்டும் நேராகப் போகிறது. மற்றவை சுவரில் மோதுகின்றன. குமிழைத் திருகத் திருக அடுத்த நிறைக்கு வழி கிடைக்கிறது. சிவப்புப் பேனா தாளில் மேடு மேடாக வரைகிறது. 40, ஆர்கான். 18, குழாய்க்குள் மிஞ்சிய தண்ணீர். 20-இல் ஒரு குட்டி மேடு!

"நியான்டீ லின்னியா! உள்ளயே ஒளிஞ்சிருக்கு பாரு!" மார்கிட் என்னைத் தூக்கிச் சுற்றினாள். நோட்டில் 'நியான்' என்று எழுதியது நான்தான்.

ஜனவரி 16

மார்கிட்டுக்கு ஹாக்கி. தனியாக ஓட்டினேன். நியான் என்றால் அதன் கனத்த உடன்பிறப்பான ஐசோடோப் 22-இல், பத்தில் ஒரு பங்கு உயரமாவது, நிற்கவேண்டுமே? மூன்று முறை பார்த்தேன். வெறும் கோடு. அப்படியானால் இது ஆர்கானேதான். இரட்டை மின்னூட்டம் ஏறி, பாதி நிறையாக வேடம் போடுகிறது. 'நியான் இல்லை' என்று புதுப் பக்கத்தில் காரணத்தோடு எழுதினேன்.

ஜனவரி 23

நிலவறைச் சட்டம்: ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் செய்தவர் கையெழுத்து, படித்துப் பார்த்த சாட்சியின் கையெழுத்து. என் 'நியான் இல்லை' பக்கத்தில் மார்கிட் கறுப்பு மிட்டாயை மென்றபடி சாட்சியாகப் போட்டாள். "எழுத்தா இது? எறும்பு ஊர்வலம். எங்க போடணும், இங்கயா?"

சிரித்தேன்.

பிப்ரவரி 3

பள்ளி நடையில் கண்காட்சிப் பட்டியல். தனியாள் பிரிவு. 'ஆர்கானுக்குள் ஒளிந்த நியான் — மார்கிட் தோர்சன்.'

முதல் பரிசு, கோடை முழுக்க ஆய்வகத்தில் ஓர் இடம். அதற்காகத்தானே இத்தனை சனிக்கிழமைகள்!

மார்கிட்டிடம் கேட்டேன். "ஜட்ஜ் முன்னாடி உனக்கு நாக்கு ஒட்டிக்கும்டி. ரெண்டு பேரும் தோக்கறதுக்கு ஒருத்தி ஜெயிக்கட்டுமே."

என் எண்கள். என் எறும்புகள். அப்புறம், நியானா? கையெழுத்துப் போட்டாளே — படிக்கவே இல்லையா?

பிப்ரவரி 4

"22 பாரு" என்று மட்டும் சொன்னேன். "பொறாமை" என்றாள்.

பிப்ரவரி 20

கண்காட்சியில் கூட்டத்துக்குப் பின்னால், கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன். நடுவர் அம்மா தாளில் விரல் வைத்தார். "22 எங்கம்மா?"

மார்கிட் வெளுத்துப்போனாள். "அது... என் பார்ட்னர் லின்னியா பண்ணின தப்பு மேடம்."

அந்த மேசை முன் என் பெயர் முதல்முறையாகக் கேட்டது. தப்புக்கு!

நடுவர் நோட்டைப் புரட்டினார். 'நியான் இல்லை' பக்கத்தை முழுவதும் படித்தார். "சாட்சின்னு போட்டிருக்கே, இது உன் கையெழுத்துதானே?"

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

பிப்ரவரி 27

கோடை இடம் வேறு பள்ளிக்குப் போயிற்று. நிலவறைக்குத் தனியாக வந்தேன். பக்கத்தை முடித்தபோது மார்கிட் வந்து நின்றாள். நோட்டை இழுத்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். அடிவரை படித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போடக் கையை நீட்டினாள்.

நான் பேனாவைக் கொடுக்கவில்லை.