மாணிக்கத்தின் மாதப் பாஸ்

27-7-72, வியாழன்

கூரம் காலனி மாணிக்கத்துக்கு இந்த மாசம் திமிர் ஏறிவிட்டது. பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன், அஞ்சு வருஷமாக நான் கண்டக்டராகப் போகும் பஸ்ஸில்தான் வருகிறான். சில்லறையை என் தோல்பை மூடிமேல் வைத்துவிடுவான். நான் டிக்கெட்டைக் கிழித்துச் சீட்டுக் கம்பியில் செருகுவேன். கைபடாமல் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து மாதப் பாஸ் எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி “பாஸ்” என்கிறான்.

இன்றைக்கு நான் விடவில்லை. “எடுத்துக் காட்டுபா” என்றேன். காட்டினான். எட்ட நின்றே போட்டோவைப் பார்த்தேன். “இது நீ இல்ல. காசு குடுத்து டிக்கெட் வாங்கு, இல்லன்னா எறங்கு.” அவன்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முன்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவன் சண்டை போடவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்து விரித்தான். உள்ளங்கையில் காசை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினான்.

“இந்தக் கைய ஒரு மாசம் பாக்காம இருக்கலாம்னுதான் சார் பாஸ் எடுத்தேன்.”

முன்சீட்டுக்காரர்கள் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கை கழுவினேன். “எத்தினி வாட்டி கழுவுவீங்க?” என்று என் மனைவி சரோஜா கேட்டாள். இன்னொரு வாளி இறைத்தேன்.

நாளைக்கும் பாஸைக் கேட்பேன். கேட்காவிட்டால் பயந்துவிட்டேன் என்று நினைப்பான். கேட்கும்போது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும்.