மருமகன் சொன்ன சாட்சி

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் இங்கே சிங்கம் போல இருக்கிறேன்.

கூன் விழுந்த என் முதுகெலும்பை நிமிர்த்தும் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. பயப்படாதீர்கள். உடம்பு அதைத் தாங்குமா என்று டாக்டர் சோதித்தார். நான் பிடித்த பிடியில் கை பலம் பார்க்கும் கருவியே முனகியது. நாலு மாடியை ஒரே மூச்சில் ஏறுவேன் என்றதும் அசந்துபோனார்.

அப்போது கூட வந்த உங்கள் மருமகன் வாயைத் திறந்தான். "பொய் டாக்டர். மாடிக்கு மாடி உக்காருவாரு. போன மாசம் ரெண்டு தடவை விழுந்தாரு, நான்தான் தூக்கினேன்."

"டேய், நீ யார் பக்கம்டா?"

"அத்தைதான் மாமா சொல்லச் சொன்னாங்க. மறைச்சு ஆபரேஷனுக்குப் போனா நீங்க எந்திரிக்க மாட்டீங்கன்னு அழுதாங்க."

அக்கா, நீங்களா? கூடப் பிறந்த நீங்களே என்னைக் காட்டிக்கொடுக்கலாமா? மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட்டு, நடந்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார் டாக்டர். அவனோடு நான் பேசுவதில்லை. அவன் அவித்து வைக்கும் முட்டையை மட்டும் சாப்பிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் மணி அடித்துவிட்டது, போக வேண்டும். சட்டை இரண்டு தைத்து அனுப்புங்கள். பழைய அளவு வேண்டாம், சுற்றளவில் மூன்று அங்குலம் குறைத்துத் தையுங்கள். நம்பாவிட்டால் உங்கள் மருமகனையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோபம் தீராத,
தம்பி