எலிக்கு வைத்த சோதனை

கண்ணு சுசித்ரா,

மலைப்பாதையில் மண் சரிந்து எட்டு நாள் பஸ் வராத வருஷம்தான் நீ பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எலி வேலைக்குப் போனாய். எனக்கு எழுத்து தெரியாது, ஞாபகம் உண்டு. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பரிமளா எழுதுகிறாள்.

மறதி நோயோடு வளர்த்த எலியைத் தொட்டித் தண்ணீரில் விடுவோம், முங்கிக் கிடக்கும் திட்டை அது தேடும், ஒரு நிமிஷத்தில் காணாவிட்டால் கையால் தூக்கித் திட்டில் வைத்துவிடுவோம் என்று சொன்னாய். உன் அம்மாவுக்கு மறக்கிறது என்றபோது மட்டும், "வயசானா அப்படித்தாம்ப்பா" என்று போனை வைத்துவிட்டாய்.

அதனால் நானே சோதித்தேன். போன வாரம் சோளக்காடு ஊர்ச் சந்தையில் அவளைத் தனியாக விட்டுவிட்டு, பலாப்பழ லாரிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். நாற்பது வருஷமாக வீடு திரும்ப அவள் ஏறுகிற நம் வளப்பூர் பஸ் எதிரிலேயே நின்றது. அவள் சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மிளகுக்காரன் சிரித்தான். பஸ் போய்விட்டது. எலிக்கு நீ ஒரு நிமிஷம் கொடுத்தாய். நான் அடுத்த பஸ்ஸும் போகும்வரை நின்றேன்.

கடைசியில் அவளே என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரைப் பாத்தீங்களா?"

கோபத்தில், "அவன் செத்துப் போயிட்டானுங்க" என்றேன்.

"போகட்டும், சிடுமூஞ்சி." அவள் அழவில்லை. "எம்புள்ள வந்து என்னைக் கூட்டிட்டுப் போவா. இனி எனக்குன்னு உசுரோட இருக்கறது சுசித்ரா ஒருத்திதானுங்க."

இப்படிக்கு,
செத்துப்போன உன் அப்பன்