கோயில் கூடத்தில் எழுதிய பெயர்கள்

மகள் ஜப்பானுக்குச் சுற்றுலா போய்விட்டு வந்து, அங்கே ஒரு கோயில் வாசலில் வாங்கியதாக ஊதுபத்திக் கட்டு ஒன்றைக் கொடுத்தாள். நேற்றுக் காலை பிடோக் வீட்டில் சாமிமாடத்தின் முன் ஒன்றை ஏற்றினேன். மல்லிகையும் இல்லை, சந்தனமும் இல்லை. மரப்பட்டை கருகுகிற மாதிரி ஒரு வாசனை. நின்றபடியே உன்னை நினைத்துக்கொண்டேன். இதே வாசனை நம்மிருவர் மூக்கிலும் ஏறிய அந்த மாலை உனக்கும் மறந்திருக்காது.

அறுபதுகளின் நடுப்பகுதி. பகலில் ஒரே தமிழ்ப் பள்ளியில் நாம் ஆசிரியைகள். மாலையில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் இருந்த அம்மன் கோயிலின் பின்கூடத்தில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தோம். வகுப்பு உன் யோசனை. தெருக்கூட்டுகிறவர்கள், பால் விற்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் வந்தார்கள். பலர் உன்னைப் போலவே மலாயாவில் ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் பிறந்து, ஜப்பான்காரர் ஆண்ட போர்க்காலம் முடிந்தபின் இங்கே சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவர்கள். சயாமில் ரயில்பாதை போடுவதற்கு ஜப்பான் ராணுவம் உன் அப்பாவைத் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனபோது நீ சின்னப் பெண். அவர் திரும்பவில்லை. தேக்கா சந்தையில் கோப்பிக்குச் சீனி கலக்கிக்கொண்டே அதைச் சொன்னாய். பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

கோயில் நிர்வாகத்துக்கு வகுப்பு பிடிக்கவில்லை. தலைவர் நேரிலேயே வந்தார்.

"டீச்சர், இது சாமி கும்பிடுற எடம். பள்ளிக்கூடத்துக்கு வேற எடம் பாருங்க லா. நவராத்திரிக்கு முன்னாடி கூடத்தைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க."

"சரஸ்வதி பூசை பண்ணணும்னு எழுதப் படிக்கிறவங்கள வெளிய அனுப்புறீங்களா?" என்று கேட்டாய். அவர் சிரிக்கவில்லை. கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் அந்த மனிதரை அழைத்துவந்தார். ஜூரோங்கில் புதிதாகத் தொடங்கிய கப்பல் பட்டறையில் இவர் வரைபடம் போடுகிறவர். அவர் ஜப்பானிலிருந்து வந்த இஞ்சினியர். நம் கோயில் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டாராம். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இவருக்குத் தோன்றவில்லை. வந்தவர் காலணியைக் கழற்றிவிட்டு, சாமிக்கென்று கொண்டுவந்த ஊதுபத்தியை அர்ச்சகரிடம் கொடுத்து ஏற்றச் சொன்னார். அந்தப் புகை நம் கூடம்வரை வந்தது. புகைக்குப் பின்னால் அவரும் வந்து வாசற்படிக்கு வெளியே நின்று குனிந்து வணங்கினார்.

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுண்ணாம்புக்கட்டி உன் கையிலேயே இருந்தது.

அவர் தடுமாறும் ஆங்கிலத்தில் பேசினார். அவருடையது சாமுராய் குடும்பமாம். கொள்ளுத்தாத்தா சிறுவனாக இருந்தபோது மலைமேல் ஒரு கோயிலுக்கு அனுப்பினார்களாம். விடியலில் முற்றம் பெருக்கி, தண்ணீர் இறைத்து, அதற்குப் பிறகுதான் பிக்குகளிடம் எழுத்துப் பாடம். வாளை வெளிவாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "கோயிலில் பாயில் உட்கார்ந்து எழுதுகிறவர்களைப் பார்த்ததும் அது நினைவுக்கு வந்தது" என்றார்.

நீ ஆங்கிலத்தில் கேட்டாய். குரல் உயரவில்லை. "வாளை வெளியே வைக்கக் கற்றுக்கொண்டவர்கள் இங்கே வந்தபோது அதை எங்கே வைத்தார்கள்?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அந்த மனிதர் பதில் சொன்னார். "அப்போது நான் பள்ளி மாணவன். என் அண்ணன் பர்மாவுக்குப் போனான். அங்கேயே செத்தான். அவன் அங்கே என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது."

முன்வரிசையில் இருந்த பாக்கியம் அக்கா எழுந்துவிட்டார். அவர் கணவரையும் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "டீச்சர், இவன் ஜப்பான்காரன்தானே? உள்ள வந்தான்னா நான் போயிடுவேன்."

நீ வகுப்பைப் பார்த்துத் திரும்பினாய். அவர் சொன்னதை வாள், கோயில், அண்ணன், பயம் என்று ஒன்றுகூட விடாமல் தமிழில் சொன்னாய். உன் கேள்வியையும் சேர்த்தே சொன்னாய்.

பாக்கியம் அக்கா கேட்டுவிட்டு, "அவன் அண்ணன் செத்ததுக்கு நான் என்ன பண்றது? என் வீட்டுக்காரர் பேர எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காங்களா? அதைக் கேளுங்க" என்றார்.

கேட்டாய். "எனக்குத் தெரியாது. எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்" என்றார் அவர்.

"அப்ப நம்மளே எழுதுவோம்" என்றாய் நீ. அன்றைய பாடம் 'கடை', 'விலை', 'பால்'. கரும்பலகையிலிருந்து எல்லாவற்றையும் அழித்தாய். "சயாமுக்குப் போனவங்க பேரு. ஒவ்வொருத்தரா வந்து எழுதுங்க."

பாக்கியம் அக்கா பலகைக்கு முன்னால் போய் நின்றார். பெயர் வரவில்லை. புருசன் பேரை எப்படிச் சொல்வது? பக்கத்துப் பாயிலிருந்த பால்கார அம்மா, "வீராசாமி, டீச்சர்" என்றார். "வாயால சொல்ல மாட்டேன். எழுதுனா தப்பில்லதானே?" என்று கேட்டார் அக்கா. "தப்பே இல்ல" என்றாய். 'ரா'வுக்குக் கால் போட மறந்து, நீ சுட்டிக்காட்டியதும் முந்தானையால் துடைத்துவிட்டு முழுப்பெயரையும் மறுபடி எழுதினார். எழுதியதைத் தள்ளி நின்று பார்த்தார். அழவில்லை. "இம்புட்டுத்தானா?" என்றார்.

பலகை நிறைந்தது. ஒரு மூலையில் நீ உன் அப்பாவின் பெயரை எழுதினாய். அவர் பெயர் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பலகையில் என்ன இருக்கிறது என்று அந்த மனிதர் வாசலிலிருந்து கேட்டார். சொன்னாய். தலையைக் குனிந்தவர் வகுப்பு முடியும்வரை நிமிரவில்லை. யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. பாக்கியம் அக்கா அவரைக் கடந்து போகும்போது சேலையை ஒதுக்கிக்கொண்டுதான் போனார். அவர் மறுபடி வரவுமில்லை.

பஸ் நிறுத்தத்தில் கேட்டேன், "அண்ணன் செத்த கதைய ஏன்டி சொன்னே? விட்டிருக்கலாமே."

"சொன்னதை முழுசாச் சொல்லணும்டி. பாதிய நம்ம முழுங்கிட்டா, அவங்க எதுக்குக் கோபப்படுறதுன்னு அவங்களுக்கே தெரியாம போயிடும்."

கமிட்டிக் கூட்டத்தில் நீ பேசியது இன்னொரு வேடிக்கை. அந்த ஜப்பான்காரரோடு கைகூடக் குலுக்காதவள், "சாமுராய் வீட்டுப் பிள்ளைங்களே கோயில்லதான் எழுதப் படிச்சாங்க. நம்ம அம்மன் மட்டும் வேணாம்னா சொல்லுவா?" என்று கேட்டாய். நவராத்திரி ஒன்பது நாளும் பின்சுவரோரமாக ஒதுங்கிக்கொள்வது, அதன்பின் வகுப்பு வழக்கம்போல நடக்கலாம் என்று முடிவானது. அந்தப் பெண்கள் புதிய அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறிப் போகும்வரை நடத்தினோம்.

போன மாதம் கிளினிக்கில் என் முறைக்காகக் காத்திருந்தேன். கிராஞ்சியில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியிலிருந்து ஒரு தமிழ்நாட்டுத் தம்பி கால் வீங்கி வந்திருந்தான். கூட வந்த, தமிழ் தெரியாத மேற்பார்வையாளர் என்னிடம் ஆங்கிலத்தில், "இவன் நடிக்கிறான், நாளைக்கு வேலைக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார். 'நல்லாப் பாத்துக்கப்பா' என்று பூசி மெழுகிவிடலாம் என்று வாய்வரை வந்தது. முழுசாகச் சொன்னேன். அந்தத் தம்பியின் காது சிவந்தது. "நடிச்சா கால் இப்படி வீங்குமான்னு கேளுங்கம்மா. ரெண்டு நாளா லாரியில ஏறவே முடியல" என்றான். அதையும் முழுசாக ஆங்கிலத்தில் சொன்னேன், அறை வாசலுக்கு வந்து நின்ற டாக்டருக்கும் கேட்கும்படியாக. டாக்டர் அவனை உள்ளே அழைத்தார். மேற்பார்வையாளரை வெளியே இருக்கச் சொன்னார்.

நீ அங்கே இருந்திருந்தால், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாமேடி என்றிருப்பாய்.